அந்தச் சொல்லை நீ சொல்லாத நாள்

அக்கா,

இன்று டீ இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் என் மிஷினில் ஊசி உடைந்தது. கையைத் தூக்கினேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார், பின்னாலேயே மெக்கானிக் வந்தார், குவாலிட்டி பெண் காந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஊசியின் மேல்பாதி மிஷினிலேயே இருந்தது. நடுத்துண்டு துணியில் கிடைத்தது. முனையை மட்டும் காணோம். முனை கிடைக்காமல் புது ஊசி தரமாட்டார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதான். எந்த நாட்டுக் குழந்தையின் பனியனுக்குள் போய்க் குத்துமோ என்று பயம். என் பண்டலை உதறினார்கள், பக்கத்து மிஷின்காரியின் பண்டலை உதறினார்கள், தரையைக் கூட்டி அள்ளிப் பார்த்தார்கள். கடைசியில் என் புடவை மடிப்பில் இருந்தது. துண்டுகளை வரிசையாக டேப்பில் ஒட்டி, முழு ஊசி ஆகிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

எனக்கு மட்டும் வரவில்லை. குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். ஓர் ஊசி முனைக்கு எத்தனை பேர் குனிகிறார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து உலையை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். உனக்கு எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். ஆனால் எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

நீ நம் பழைய கம்பெனிக்கு வந்த முதல் நாள் ஞாபகம் வருகிறது. என் பக்கத்து ஓவர்லாக் மிஷினில் உன்னை உட்கார வைத்தார்கள். நான் எங்கள் குன்னத்தூர் வழக்கப்படி, "எந்த ஊருங்க்கா? எப்ப வந்தீங்க?" என்று கேட்டேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "என்னட்டி, வாய்க்கு வாய் 'ங்க' போடுதே? நான் என்ன ஒன் மாமியாளா? நீன்னே சொல்லு" என்றாய். அன்றிலிருந்து நீதான். கூடப் பிறந்த அக்காவையே நான் நீங்க என்றுதான் கூப்பிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த உன்னை மட்டும் நீ என்றேன்.

அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே, "பசியில செத்துட்டேன்" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் எடுப்பதில்லை. மனிதர் போனால் தவறிட்டாங்க என்போம். வளர்த்த நாய் போனால்கூட, இல்லாமப் போயிருச்சு என்போம். அதுவும் அன்று கிருத்திகை. முருகனுக்கு விரதம் இருந்த நான் பதறிப்போய், அப்படியெல்லாம் சொல்லாதேக்கா என்றேன். நீ சோற்றைப் பிசைந்தபடியே, "சொன்னா செத்துருவாவளா? அப்பம் எம் மாமியா எப்பமோ போயிருக்கணுமே. தெனமும்லா சொல்லுதேன்" என்றாய். சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கும் விரதம் மறந்துபோய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நீ குடும்பமே நடத்தினாய். சாயப்பட்டறையிலிருந்து துணி மங்கி வந்தால், கலர் செத்துக் கெடக்கு. கேன்டீன் சாம்பாரைத் தொட்டு நக்கினால், நாக்கு செத்துப்போச்சு. கரண்ட் போனால் அதுவும் செத்தது, சார்ஜ் தீர்ந்தால் போனும் செத்தது. தீபாவளிக்கு எடுத்த புடவை ஒரு துவைப்பில் வெளுத்தால், கடைக்காரன் செத்தான். நான் ஏதாவது அசட்டுத்தனம் செய்தால், "செத்த மூதி" என்று தலையில் தட்டுவாய். முதல் தடவை அப்படிச் சொன்னபோது நான் அழுதேன். அது உங்கள் ஊரில் கொஞ்சுகிற வார்த்தை என்று புரிய ஒரு மாதம் ஆயிற்று. என் மகன் காய்ச்சலில் கிடந்தபோது வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து, அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, "ஒனக்கு ஒண்ணுன்னா இந்தப் பெரியம்ம செத்துருவேம்ல" என்றதும் அதே வாய்தான்.

ஒரு நாள் கருநீலத் துணி முழுவதும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. செக்கிங்கில் டெட் காட்டன் என்று சொல்லி ஒதுக்கினார்கள். செடியிலேயே முற்றாமல் போன பஞ்சு, எத்தனை முக்கினாலும் சாயம் ஏறாது. "செத்த பஞ்சுன்னு தமிழ்ல சொன்னா கொறஞ்சா போவாவ?" என்று கேட்டுவிட்டு, அந்தப் புள்ளிகளை விரலால் தடவினாய். பிறகு உன் மகளைப் பற்றிப் பேசினாய். ஊரில் உன் தங்கை வீட்டில் தங்கி நர்ஸிங் படிக்கிற பெண். அவளுக்காகத்தான் செத்துச் செத்துப் பிழைக்கிறேன் என்றாய். அந்த ஒரு தடவை மட்டும் நீ சிரிக்கவில்லை.

உன் புருஷனைப் பற்றி யாராவது கேட்டால், செத்துட்டான் என்று கூசாமல் சொல்வாய். அவன் வேறொருத்தியோடு குஜராத் பக்கம் போய்ப் பனியன் கடை போட்டிருக்கிறான் என்று எனக்கு மட்டும் தெரியும். ஏன்க்கா இப்படிப் பொய் சொல்றே என்று கேட்டேன். எனக்குச் செத்தாச்சு, அவனுக்குத்தான் இன்னும் தகவல் போகலை என்றாய்.

இவ்வளவையும் ஏன் எழுதுகிறேன் என்றால், இந்தச் சொல்லையே பிறகு உனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்தார்கள்.

அன்று நல்ல வெயில். தகரக் கூரைக்குக் கீழே ஃபேன் அனல்காற்றைத்தான் சுற்றி விட்டுக்கொண்டிருந்தது. கன்டெய்னர் வாசலில் வந்து நின்றுவிட்டது என்று காலையிலிருந்தே விரட்டினார்கள். நீ வந்ததும் வராததுமாக மிஷினில் உட்கார்ந்தாய். வெயிலைத் திட்டவில்லை, பஸ்காரனைத் திட்டவில்லை. என்னக்கா என்று கேட்டதற்கு, தோள் பிடித்திருக்கிறது என்று மட்டும் சொன்னாய். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. கழுத்தெல்லாம் வேர்வை. முகம் சாம்பல் பூத்திருந்தது.

சாப்பாட்டு நேரம் முடிந்து சற்று நேரத்தில் நீ கையைத் தூக்கினாய். நம் சூப்பர்வைசர் வந்தான். அவன் நம்மைவிடச் சின்னவன், நெற்றியில் விபூதி, வாய் நிறைய அக்கா. நீ எழுந்திருக்க முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே சொன்னாய்: "சார், முடியலீங்க. கொஞ்சம் வெளிய போயி உக்காரணுமுங்க."

என் கை தானாக நின்றுவிட்டது. உன் வாயில் முதல் தடவையாக எங்கள் 'ங்க'வைக் கேட்டேன். முதலாளிக்கே அதைப் போடாதவள் நீ.

"அக்கா, கன்டெய்னர் நிக்குதுங்க. இந்தப் பண்டலை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயி உக்காந்துக்கங்க. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றான் அவன்.

எத்தனை மரியாதை பார். குரலை உயர்த்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. ஒரு வசவு வைதிருந்தால் நீ பழைய வாயைத் திறந்திருப்பாய், எழுந்து போயிருப்பாய். இப்படி 'ங்க' போட்டுக் கழுத்தை அறுக்கிறவர்களிடம் என்னதான் செய்வது? எங்கள் ஊர்ப் பேச்சு இதமானது என்று ஊர் ஊராகப் புகழ்கிறார்கள். அந்த இதத்தைக் கேட்டால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் எழுந்து நின்று, அக்கா முகத்தைப் பாருங்க, நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். ரெண்டு மிஷின் நின்றால் லைன் என்னங்க ஆகும் என்றான். வெளியே போக வேண்டுமானால் ஆபீஸில் கேட் பாஸ் வாங்க வேண்டும். நான் அவனிடம் கேட்காமலேயே மாடிக்கு ஓடினேன். ஆபீஸர் மீட்டிங்கில் இருந்தார். கண்ணாடிக் கதவைத் தட்டினேன். ஐந்து நிமிடம் பொறுங்கள் என்று உள்ளேயிருந்து சைகை காட்டினார். பொறுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பாஸ் இல்லாமலேயே உன்னை இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று இறங்கி வந்தேன்.

தூரத்திலிருந்து பார்த்தபோது உன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, சமாளித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். கிட்டே வந்தால் ஊசிக்கடியில் துணி இல்லை. நீ மிஷின்மேல் தலையைச் சாய்த்திருந்தாய். கால் மட்டும் பெடலில் அழுந்தி இருந்தது. துணி முடிந்தாலும் ஓவர்லாக் நிற்காதே. நூலை நூலோடு பின்னிக்கொண்டே போயிற்று. வெறும் நூல் சங்கிலியாக இறங்கி உன் மடியில் சுருள் சுருளாக விழுந்துகொண்டிருந்தது.

சுவிட்சை அணைத்தேன். கத்தினேன். உன்னைப் பின்னால் சாய்த்துத் தூக்கும்போது, உன் கையில் பிடித்திருந்த துணி ஊசியில் மாட்டி இழுத்ததில் ஊசி உடைந்தது. டக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் சூப்பர்வைசர் திரும்பினான். லைன் முழுவதும் நின்றது. உனக்காக நிற்கிறது என்று நினைத்தேன், அக்கா. இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து உன்னைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன், எதிரே குவாலிட்டி பெண் காந்தத்தோடு வருகிறாள். கொஞ்சம் நில்லுங்க, அக்கா சேலையில துண்டு ஒட்டியிருக்கப்போகுது என்று சூப்பர்வைசர் பின்னாலிருந்து சொல்கிறான். நான் நிற்கவில்லை. அவனை என்ன சொல்லித் திட்டினேன் என்று இங்கே எழுத மாட்டேன். எல்லாம் நீ கற்றுக்கொடுத்ததுதான். உன் மடியிலிருந்து தொங்கிய நூல் சங்கிலி என் காலில் சிக்கியது. அறுத்து என் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன்.

கம்பெனி வேனில் உன் கையைப் பிடித்திருந்தேன். என் கையை நீ பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, வரும்போதே உயிர் இல்லை என்றார்.

அதற்குப் பிறகு ஒருத்தரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. வழியில உயிர் பிரிஞ்சிருச்சுங்க என்றார் ஆபீஸர். கம்பெனி வைத்த ஃபிளெக்ஸில் இறைவனடி சேர்ந்தார் என்று போட்டு, பக்கத்தில் குத்துவிளக்குப் படம் போட்டிருந்தார்கள். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போன உனக்குக் குத்துவிளக்கு. உன் சபையார் வந்து பார்த்து முகம் சுளித்து, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று வேறொன்று வைத்தார்கள். இரண்டையும் மாறி மாறிப் படித்தேன். நீ எந்த அடியையும் சேரவில்லை. நித்திரையும் இல்லை. உட்காரத்தானே இடம் கேட்டாய்? கொடுக்கவில்லை. மிஷின்மேல் செத்தாய். செத்தாய், செத்தாய் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். பிறந்ததிலிருந்து நான் எடுக்காத சொல்தான், ஆனால் அன்று மற்ற எல்லாச் சொல்லும் பொய்யாக இருந்தது.

மாலையோடு உன் புருஷன் வந்தான். ஃபிளெக்ஸில் கணவர் என்று அவன் பெயரும் இருந்தது. நீ செத்தவன் என்று சொல்லி வைத்தவன் குத்துக்கல்லாட்டம் நின்று எல்லோரிடமும் கைகுலுக்கினான். நீ பார்த்திருந்தால் சிரித்தே செத்திருப்பாய். எனக்கு அந்த மாலையைப் பிடுங்கி அவன் முகத்திலேயே எறியலாம் போலிருந்தது.

உன் மகளை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். டீ கொடுத்தார்கள். அப்போதுதான் சூப்பர்வைசர் வாயைத் திறந்தான்: "அம்மா எப்பவும் செத்தேன் செத்தேன்னு விளையாட்டாச் சொல்லிட்டே இருப்பாங்க. அன்னிக்கும் அப்படித்தான் சொன்னாங்க. நாங்களும் விளையாட்டுன்னு இருந்துட்டமுங்க."

அந்தப் பிள்ளை அழுதுகொண்டே தலையாட்டினாள். அம்மா அப்படித்தான் சொல்லும் என்றாள். நான் குறுக்கே பாய்ந்து, இல்லை, அன்றைக்கு அவள் அப்படிச் சொல்லவே இல்லை என்றேன். துக்கத்துல இருக்கீங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்காதுங்க என்று ஆபீஸர் என் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். வெளியே வண்டி தயாராக நின்றது. உறவுக்காரர்கள் அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு நாள் ரெஸ்ட் எடுத்துக்கங்க என்று எனக்கும் சொன்னார்கள். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. கூப்பிடவே இல்லை. வேலையை விட்டு நிறுத்தினோம் என்று யாரும் சொல்லவும் இல்லை. கெட்ட வார்த்தை எதையும் சொல்லாமலே எல்லாக் கெட்டதையும் செய்து முடிக்கிறவர்கள் அவர்கள்.

போன ஞாயிறு உன் மகள் வந்தாள். பரீட்சை முடிந்து, வேலை கிடைத்த ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இறங்கினாள். உன் நெற்றி, உன் நடை. பேச்சில் மட்டும் அடக்கம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியவள் அங்கேயே நின்றுகொண்டு கேட்டாள்: "சித்தி, அம்மா அந்தப் பேச்ச விட்டிருந்தா இன்னைக்கு இருந்திருப்பால்லா? அவ வாயே அவளக் கொன்னுட்டுன்னு எல்லாரும் சொல்லுதாவ."

அக்கா, எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த பாத்திரத்தைச் சுவரில் எறிந்தேன். அந்தப் பிள்ளை பயந்துவிட்டாள். இத்தனை நாளாக அவள் உன்னைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். உன்னைக் கொன்றவர்கள் டீ கொடுத்து, அந்தப் பழியையும் அவள் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அவளை உட்கார வைத்தேன். மழுப்பவில்லை. தவறிட்டாங்க, போயிட்டாங்க எதுவும் என் வாயில் வரவில்லை. "உங்கம்மா மிஷின்லயே செத்தா, கண்ணு. வழியில இல்ல. அன்னிக்கு அவ அந்த வார்த்தையச் சொல்லவே இல்ல" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "பொறவு என்னதான் சொன்னா?"

"'முடியலீங்க'ன்னு சொன்னா."

முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு முகம் மாறியது. "எங்கம்மா யாருக்கும் 'ங்க' போட மாட்டாளே, சித்தி" என்றாள்.

"போட்டா, கண்ணு. ரெண்டு தடவ."

அவள் நர்ஸ். வலியில் இருக்கிறவர்களைப் படுக்கை படுக்கையாகப் பார்த்தவள். கத்துகிறவர்களையும் பார்த்திருப்பாள், திடீரென்று பணிவாகிவிடுகிறவர்களையும் பார்த்திருப்பாள். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அப்படின்னா ரொம்ப வலிச்சிருக்கும்" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அவள் அழுத அழுகை வேறு. அதில் உன்மேல் கோபம் இல்லை. எனக்கு அது போதும். பெட்டியிலிருந்து அந்த நூல் சங்கிலியை எடுத்துக் கொடுத்தேன். விரலில் சுற்றிப் பார்த்தாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். பிறகு என் கையிலேயே வைத்து மூடினாள். பஸ் ஏறும்போது, பழைய கம்பெனியில் யாரைப் பார்க்க வேண்டும், எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று விசாரித்தாள். எல்லாம் சொன்னேன். எங்கே வேண்டுமானாலும் வந்து நான் சொல்கிறேன் என்றும் சொன்னேன். இந்த ஊரில் எனக்கு இனி வேலை கிடைக்காது என்றாலும் சொல்வேன்.

இப்போது இருக்கிற கம்பெனியில் என் பக்கத்து மிஷினில் ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள். தமிழ் இன்னும் சரியாக வரவில்லை. பண்டல் வந்து விழுந்தால், "மர் கயீ, தீதி" என்று நெற்றியில் அடித்துக்கொள்வாள். தீதி என்றால் அக்கா என்று தெரியும், மர் கயீக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். கண்ணை மூடி, நாக்கைத் தொங்கப்போட்டு, தலையைச் சாய்த்துக் காட்டினாள். வாய்விட்டுச் சிரித்தேன். வெயிலுக்கு மர் கயீ, பசிக்கு மர் கயீ, போனில் அவள் மாமியார் பேசினால் மர் கயீ. உன்னைப் போலவே நாள் முழுவதும் செத்துக்கொண்டிருக்கிறாள். செத்த மூதி என்று நானும் அவள் தலையில் தட்டுகிறேன்.

இன்று அந்த ஊசி முனை கிடைத்து லைன் ஓட ஆரம்பித்ததும், அவள் என் பக்கம் சாய்ந்து, "மர் கயீ" என்றாள். சொல்லட்டும். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லட்டும். நான் ஒரு காதை அவள் பக்கம் வைத்துக்கொண்டுதான் தைக்கிறேன். என்றைக்கு அவள் அதைச் சொல்லாமல் வந்து உட்காருகிறாளோ, அன்றைக்கு எவனையும் கேட்காமல் என் மிஷினை நிறுத்துவேன்.